கன்னத்துப் புள்ளியும் தேன்சிட்டும்

என் மகளின் கன்னத்தில் அந்தக் கறுப்புப் புள்ளியை என் கையாலேயே திரும்ப வைக்கலாமா, கூடாதா? தை மாதத்திலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் வைக்கலாம் என்று தோன்றுகிறது. மறுநாள் வேண்டாம் என்று தோன்றுகிறது. நான் சொல்வது படத்தில் இருக்கிற கன்னத்தை. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் கணவர் ஆரணியில் மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம்முடைய படம் பிடிக்கும் பெட்டியையும் அதன் முக்காலியையும் அவரிடம் விட்டுப் போனார். பாடப் புத்தகத்தில் இருக்கும் சீமைப் பறவைகளை எங்கள் பிள்ளைகள் கண்டதில்லை. நம் தோட்டத்துப் பறவைகளைப் படம் பிடித்துப் பள்ளிச் சுவரில் மாட்டவேண்டும் என்பது என் கணவரின் ஆசை. ஆனால் நல்ல வெயிலில்தான் படம் விழும். வெயில் நேரமெல்லாம் அவர் பள்ளியில் இருப்பார். ஆகையால் வேலை என்னிடம் வந்தது. நான் படித்த இடத்தில் சித்திரமும் கற்றுத் தந்திருந்தார்கள். அதனால் படத்தைத் திருத்தும் பொறுப்பும் எனக்கே ஆயிற்று.

முதலில் சிவப்புச் செம்பருத்தியில் தேன்சிட்டை எடுத்தேன். படத்தில் பூ கரியாகவும், கருநீலப் பறவை வெளுத்தும் விழுந்தன. பெட்டிக்குள் வைக்கும் இந்தக் கண்ணாடித் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாதாம். நான்தான் ஏதோ தப்புச் செய்தேன் என்று இரண்டு தட்டுகளைக் கூடுதலாகக் கெடுத்த பிறகே அது புரிந்தது. பிறகு வேலியோரத்து வெள்ளைச் செம்பருத்திக்குப் பெட்டியைத் திருப்பினேன்.

பக்கத்தில் கை அசைந்தாலே பறவை பறந்துவிடும். அதற்காக என் கணவர் பெட்டியின் கண்ணுக்கு மெல்லிய பலகையில் ஒரு மூடி செய்து, தூரத்திலிருந்து நூலால் இழுத்துத் திறக்கும்படி அமைத்திருந்தார். பருத்தி நூல் அறுந்து அறுந்து போயிற்று. ஒரு நாள் அதை நான் முடிந்துகொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் வீட்டில் பட்டுத் தறி போட்டிருக்கிறார்கள்.

"இன்னா வாத்தியாரம்மா, குருவிக்குத் தூண்டில் போட்டுகினு கீறீங்களா?"

"படம் பிடிக்கிறேன் அக்கா. நூல்தான் நிக்க மாட்டேங்குது."

"இந்த நூலு கோழியக் கட்டக்கூட ஒதவாது. இருங்க, ஜல்தியா வரேன்."

திரும்பி வந்தபோது அவர் கையில் முறுக்கேறிய பட்டிழை இருந்தது. "கல்யாணப் பொடவ நெய்ஞ்சதுல மிஞ்சினது. உங்க குருவிக்கும் நல்லபடியா கண்ணாலம் ஆவட்டும்" என்று சிரித்தார். அந்த இழை இன்றுவரை அறுந்ததில்லை.

இந்த அக்காதான் தினமும் காலையில் என் மகளின் கன்னத்தில் மைப் பொட்டு வைப்பவர். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. கண்ணேறு என்று ஒன்று இல்லை என்றே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானும் அப்படியே நம்புகிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வேலியில் சாய்ந்து, குழந்தையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் அவ்வளவு ஆசையோடு வைக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் வைப்பதில்லை, அழிப்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலுக்கு ஜெபத்துக்குப் போகுமுன் மட்டும் துடைத்துவிடுவேன். திங்கட்கிழமை புதுப் பொட்டு வந்துவிடும். ஏன் துடைத்தாய் என்று அவர் கேட்டதில்லை. இந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கும் சௌகரியமாகவே இருந்தது.

அந்தத் தை மாதக் காலையில் குழந்தையை உள்ளே தூங்கப் போட்டுவிட்டு, துளசிப் புதருக்குப் பின்னால் நூலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தேன்சிட்டு வந்து காம்பில் தொற்றிக்கொண்டு பூவுக்குள் மூக்கை நுழைத்தது. அதே சமயம், நடக்கப் பழகி அதிக நாளாகாத என் மகள் கொல்லைக் கதவைத் தாண்டி வந்து கிளைக்கு அடியில் நின்றாள். குழந்தைகளைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று தெருவில் சொல்வார்கள். அது வீண் பேச்சு என்று தெரிந்தும் அதுவரை அவளைப் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. இப்போது கூப்பிட்டால் பறவை போய்விடும். அவள் வாயைத் திறந்தபடி அண்ணாந்து, அசையாமல் நின்றாள். பறவையும் நின்றது. நான் நூலை இழுத்தேன்.

சாயங்காலம் என் கணவர் தட்டை மருந்தில் கழுவி எடுத்தார். மகளும் பறவையும் நன்றாக விழுந்திருந்தார்கள். தேன்சிட்டின் மூக்கு மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. மறுநாள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துத் திருத்த உட்கார்ந்தேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். வெள்ளைப் பூ கறுப்பாக இருக்கும். கறுப்பு இருக்கவேண்டிய இடம் வெறும் கண்ணாடியாக இருக்கும். தூசி விழுந்த இடமும் ஊசித் துளை போல வெறுமையாகத்தான் தெரியும். அடைக்காமல் விட்டால் காகிதத்தில் கறும்புள்ளியாக வந்து நிற்கும். கூர்மையான பென்சிலால் பறவையின் மூக்கை நேராக்கினேன். பிறகு துளைகளைத் தேடித்தேடி அடைத்தேன். குழந்தையின் கன்னத்திலும் ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தது. அதையும் ஒழுங்காக அடைத்தேன்.

தட்டுக்கு அடியில் காகிதம் வைத்து வெயிலில் காட்டி எடுத்த படத்தை முதலில் அக்காவிடம்தான் காட்டினேன்.

"குருவி சோக்கா கீது. கொயந்த ராணியாட்டம் கீது" என்றார். பிறகு படத்தை முகத்தருகே கொண்டுபோனார். "பொட்டு எங்க? காலைல நான்தானே வெச்சேன்? அயிச்சிட்டீங்களா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அழிக்கல அக்கா. தூசின்னு நெனச்சு அடைச்சிட்டேன்."

"நான் வெச்ச பொட்டு உங்களுக்குத் தூசியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சிரிப்பு முழுதாக இல்லை. "நெஜக் கொயந்தைய இந்தத் தெருதான் பாக்கும். இத ஊரே வந்து பாக்கும். இதுலதானே பொட்டு வேணும்?" என்றார்.

அன்றிரவு குழந்தைக்கு உடம்பு சுட்டது. விடிந்ததும் அக்கா நேராக உள்ளே வந்து, விரலில் கொண்டுவந்த மையைப் படத்தின் கன்னத்தில் அழுத்தி வைத்துவிட்டுப் போனார். காய்ச்சல் தணிந்தது, கடைவாயில் புதுப் பல் ஒன்று வெளியே வந்திருந்தது. "பல்லு வரதுக்குத்தான் காய்ச்சல்" என்று அவரிடம் சொன்னேன்.

"பல்லும் வந்துச்சு, கண்ணும் பட்டுச்சு. ஒண்ணு வந்தா இன்னொண்ணு வரக்கூடாதா?" என்றார்.

அந்த மையில் விளக்கெண்ணெய் இருந்ததால் பொட்டு காகிதத்தில் ஊறிப் பாதிக் கன்னத்துக்குப் பரவிவிட்டது. அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. குழந்தை அதைப் பார்த்துத் தன் கன்னத்தைத் தொட்டுக்கொள்கிறாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாகவே இருக்கிறது.

தொல்லை, அதே தட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எடுத்த இன்னொரு படத்தால்தான். தட்டில் செய்ததை மாற்றமுடியாது. பென்சில் பூச்சைத் துடைத்தால் பறவையின் மூக்கும் போய்விடும். காகிதத்தில் தூரிகையால் ஒரு புள்ளி வைத்தால் போதும். என் கணவரைக் கேட்டேன்.

"தேன்சிட்டுக்கு மூக்கு வரைஞ்சவ நீ. இருந்ததைத்தானே வரைஞ்சேன்னு சொன்னே. பொட்டும் இருந்ததுதானே?"

"அப்ப வைக்கலாம்ங்கிறீங்களா?"

"பள்ளிக்கூடத்துச் சுவர். பாதிரியார் வந்து பார்ப்பார்."

"அப்ப வேண்டாம்ங்கிறீங்களா?"

"நான் அப்படியும் சொல்லல" என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டுகளைத் திருத்தப் போய்விட்டார்.

வைத்தால், இதுவரை நான் செய்யாததை என் கையாலேயே செய்தவளாவேன். வைக்காவிட்டால், அன்று காலையில் இருந்த ஒன்றை இல்லையென்று சுவரில் மாட்டினவளாவேன். அக்காவின் பட்டிழையால் எடுத்த படத்தில் அக்காவின் விரல் பட்ட இடம் மட்டும் இருக்காது. படம் எப்போது வரும் என்று பள்ளியில் கேட்கிறார்கள். இன்னும் காயவில்லை என்று சொல்லி வருகிறேன். சித்திரை வெயிலில் அதை யார் நம்புவார்கள்? இதைப் படிக்கும் தாய்மார்களே, நீங்களானால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். தூரிகையைக் கழுவித் தயாராக வைத்திருக்கிறேன்.