கொட்டாங்கச்சியில் தேறிய செடிகள்

சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல்மேல் தண்ணீர் விழுந்தால் "சுர்"ரென்று ஒரு சத்தமும், பின்னாலேயே சுண்ணாம்பு வாசனையும் எழும். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அப்பா அம்மாவிடம் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

அப்பா ரயில்வே குமாஸ்தா. திருச்சி பொன்மலையில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் வாசலில், கட்டியவர்கள் விட்டுப்போன கருங்கற்கள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. எத்தனை மனு போட்டும் எட்டிப் பார்க்காத ஓவர்சியர் ஒருநாள் தானாகவே வந்து, அந்த இடத்தில் நாலு வீட்டுக்கும் பொதுவாகக் கக்கூஸ் கட்டப்போவதாகச் சொன்னார். தோட்டம் இருந்தால் மட்டும் கட்டக் கூடாது என்பது விதி. "தோட்டம்தானே? ஆடி பொறக்கட்டும், வந்து பாருங்க" என்றாள் அம்மா.

பிற்காலத்தில் நான் உத்தியோகத்தில் இருந்தபோது ஆளெடுப்பு முறைகள் பல பார்த்திருக்கிறேன். அம்மாவுடையதைப் போல நேர்மையானது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு செடியையும் சரளை மண் போட்ட கொட்டாங்கச்சியில் நட்டு, வேர் பிடித்ததும் கல் உச்சியில் வெயிலில் வைத்துவிடுவாள், தண்ணீர் கிடையாது. அக்கம்பக்கத்துச் சிபாரிசோடு வந்த துளசியும் கனகாம்பரமும் அன்று மாலையே தலை தொங்கின. கற்றாழை, கற்பூரவல்லி, "பத்துமணிப் பூ", நித்தியகல்யாணி ஆகியவை தேறின. ஆவாரஞ்செடியும் தேறியது, ஆனால் உயரத்தில் தோற்றது. "முழங்காலுக்கு மேல வளர்றது வேலிக்குப் போகட்டும். கல்லை மறைச்சுட்டா அப்புறம் எதுக்கு இந்தத் தோட்டம்?"

அப்பாவுக்கு நித்தியகல்யாணிதான் உறுத்தியது. "சுடுகாட்டு மல்லியையா வாசல்ல வைப்பாங்க? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கிறவங்க கக்கூஸுக்கு வரிசையில நிக்கட்டும்."

தேறியதும் கல்லிடுக்கில் நட்ட செடிகள் வைகாசியில் ஒவ்வொன்றாக அழுகத் தொடங்கின. வெயிலுக்கே வாடாதவை அடித்தண்டில் கொழகொழவென்று போயின. அம்மாவுக்குப் புரியவில்லை; மறுபடி கொட்டாங்கச்சி வைத்தாள், மறுபடி நட்டாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த அப்பா கை கழுவப் போன நேரத்தில் "சுர்"ரென்று கேட்டது. அம்மாவும் நானும் ஓடிப்போய்ப் பார்த்தால், செம்பும் கையுமாக நிற்கிறார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். எந்தச் செடியைப் பார்த்தாலும் அது தாகத்தில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

"பாவமா இருந்துச்சும்மா."

"உங்க பாவம்தாங்க இதைக் கொல்லுது. செம்பைக் கீழே வைங்க."

அன்றிலிருந்து செம்பு பூஜை அலமாரிக்குள் போயிற்று. சாவி அம்மாவின் இடுப்பில். அழுகியதைப் பிடுங்கி, மிஞ்சியதைக் கிள்ளி, மூன்றாம் முறையாகக் கல்லிடுக்கெல்லாம் நட்டாள்.

ஆடி பிறந்ததும் ஓவர்சியர் வந்தார். கல் தெரிய, இடுக்குகளில் ரோஸும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது சுடுகாட்டு மல்லி இல்லீங்களா, சார்?" என்றார்.

அம்மா வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "ஆமாங்க. கக்கூஸுக்கு இது தேவலை."

கக்கூஸ் கடைசிவரை வரவில்லை. அந்தக் குவார்ட்டர்ஸும் இப்போது இல்லை, கற்குவியலும் இல்லை. நான் குடியிருக்கும் தில்லைநகர் அடுக்குமாடியின் வாசலில் பாறைத் தோட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள். கல் சிமெண்டில் செய்தது, செடி விலைக்கு வந்தது, காலையும் மாலையும் குழாய்த் தண்ணீர். கற்றாழைகள் அடியில் கொழகொழத்துவிட்டன. குழாயை மூடுவது யார் என்று விளக்கம் கேட்டுச் சங்கச் செயலாளர் லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். விளக்கத்தை முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று மாலையும் மூடுவேன்.