கம்ப்யூட்டர் டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர்

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் கலைமதி கம்ப்யூட்டர் டீச்சர். ‘கணினியின் பாகங்களை விளக்குக’ என்ற கேள்விக்கு அவள் சொல்லிக்கொடுத்த விடையை எழுதிப் பாஸானவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அந்தப் பாகங்களில் ஒன்றைக்கூட அவள் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்பது பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம்.

போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடி விளையாடி அலுத்துப்போய், கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கினாள். கடைக்காரரே எல்லாவற்றையும் மாட்டித் தருவதாகச் சொன்னார். கம்ப்யூட்டர் டீச்சருக்கு இன்னொருவர் மாட்டித் தருவதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகங்களை ஹாலில் பரப்பி, வீடியோ பார்த்து அவளே மாட்டினாள். நினைவகப் பட்டையான ராமை மட்டும் கைக்குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் அதன் பள்ளத்தில் வைத்தாள். அழுத்தினால் உடைந்துவிடுமே என்ற கரிசனம்.

ஸ்விட்சைப் போட்டதும் விசிறிகள் சுற்றின. சிவப்பு, பச்சை, ஊதா என்று கூழ் ஊற்றும் திருவிழாவின் சீரியல் செட் மாதிரி விளக்குகள் ஓடின. மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருந்தது.

அவள் அப்பா இளையபெருமாள் குடிதண்ணீர் டேங்குக்கு மோட்டார் போடும் ஆபரேட்டர். பின்னால் நின்று பார்த்தார்.

“மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. காத்து பூந்துகிச்சி.”

“இதுல ஏது நைனா தண்ணி?”

“எல்லா மிஷினும் ஒண்ணுதான். ஒரு கொடம் ஊத்தி ஓட்னா இழுத்துக்கும்.”

அந்த யோசனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கலைமதி செய்து பார்த்தாள். கேபிளை மாற்றினாள். ஃபிரிட்ஜைப் பட்டினி போட்டு அதன் பிளக்கில் சொருகினாள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். இணையத்தில் ஒரு குழுவில் கேட்டாள். ஒருவர் மதர்போர்டு போய்விட்டது என்றார். இன்னொருவர் பவர் சப்ளை போய்விட்டது என்றார். மூன்றாமவர், இதையெல்லாம் யார் வாங்கச் சொன்னது என்று கேட்டார். அவருக்குத்தான் லைக் அதிகம்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இயற்பியல் ஆசிரியர் கோதண்டராமன் விசாரித்தார்.

“இன்னா டீச்சர், புது சிஸ்டம் எப்பிடி இருக்குது?”

“பாக்க நல்லா இருக்குது சார். சத்தமே வரல.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடுத்த பீரியடில் அவள் நடத்த வேண்டிய பாடம் கணினி நினைவகம். கரும்பலகையில் ‘ராம்’ என்று எழுதும்போது காது சூடானது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியின் முன் உட்கார்ந்து வெறித்துப் பார்த்தாள். எல்லா விளக்கும் நிறம் மாறி ஓடிக்கொண்டிருக்க, மதர்போர்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் நின்ற இடத்தில் எரிந்தது. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘டிராம்’ என்று அச்சிட்டிருந்தது. நினைவகத்தில் கோளாறு என்று அது நேற்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. அத்தனை அலங்காரத்துக்கு நடுவில் உண்மை பேசிய ஒரே விளக்கையும் அவள் அலங்காரம் என்றே நினைத்துவிட்டாள்.

கரண்டை நிறுத்தி, ராமை எடுத்து மறுபடி வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பலமாக அழுத்தினாள். ‘டக்’ என்றது.

“ஒடச்சிட்டியா?” என்றார் இளையபெருமாள்.

“தெரியல நைனா.”

ஸ்விட்சைப் போட்டாள். திரை கருப்பாகவே இருந்தது.

“கொடம் எடுத்தாரட்டுமா?” என்று அவர் எழுந்தபோது மானிட்டர் வெளிச்சமானது. கலைமதி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விண்டோஸ் ஏற்றி, செஞ்சியின் இணைய வேகத்தில் விளையாட்டு வந்து இறங்குவதற்குள் வாரம் பாதி போய்விட்டது. வியாழக்கிழமை ஹெட்போன் மாட்டிக்கொண்டு களத்தில் குதித்தாள். ஒரு சுவர் ஓரமாக நாலு அடி வைத்ததும் எங்கிருந்தோ குண்டு வந்தது. திரை சிவந்து அடங்கியது.

“அவ்ளோதானா?” என்றார் இளையபெருமாள்.

“செத்துட்டேன் நைனா.”

“சுட்டவன் யாரு?”

“எவனோ கொரியாக்காரன்.”

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“மறுபடி போடு. அவன வுடாத.”