மாமாவின் நாய்க்கு வந்த நோய்

என் மாமனார் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவே, கயிற்றுக் கட்டிலின் மேல் என் லேப்டாப் திறந்திருந்தது. திரை முழுக்க ஊதாப் புள்ளிகள். அவர் வளர்த்த நாயின் செல்கள் அவை.

மாமா பல காலம் லாரி ஓட்டியவர். நரிக்குடிப் பக்கம் கருவேலங்கரி ஏற்றி வந்த ஒரு நாள், மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்திருக்கிறது. லோடோடு வந்ததால் அதற்கு லோடு என்றே பெயர் வைத்துவிட்டார். வண்டியை விட்டுப் பரளச்சியில் ஆடு வளர்க்கத் தொடங்கியபின் லோடுதான் அவருக்குப் பேச்சுத்துணை. என்னிடம் "சாப்பிட்டியா தாயி?" என்பதற்கு மேல் பேசமாட்டார். அதையும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது லோடு முதுகை வளைத்து நின்று முக்குவதைப் பார்த்தேன். சிறுநீர் சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து வந்தது. கால்நடை மருத்துவத்தில் என் ஆராய்ச்சியே அந்த நோயைப் பற்றியதுதான். ஆண் நாய்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தால், அது எவ்வளவு மூர்க்கமானது என்று செல்களை அளந்து தரம் பிரிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஆளுக்கு ஒரு பேச்சு வரும். லோடுக்கும் அப்படியே ஆனது. ஊசி போட்டு எடுத்த செல்களை ஆய்வகத்தில் இரண்டு மூத்தவர்களிடம் காட்டினேன். ஒருவர், முற்றிவிட்டது, கருணைக்கொலை செய்துவிடலாம் என்றார். மற்றவர் அவசரப்படாதே என்றார்.

நான் அளக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு செல்லின் கருவும் எவ்வளவு பெரிது, எவ்வளவு உருண்டை, பக்கத்துச் செல்லிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்று கணினியில் கோடு இழுத்து இழுத்து அளந்தேன். நாய்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் பொல்லாததாகவே வரும். லோடின் அளவுகளோ அதிகம் சிதறாமல் மூர்க்கம் குறைந்த தரத்திலேயே நின்றன. அதைத்தான் மாமாவுக்குத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன்.

"கரு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவா இருக்குல்ல மாமா? பெருசும் சிறுசுமா தாறுமாறா இருந்தாத்தான் மோசம். இதுக்கு மாத்திரை குடுத்து வலியில்லாம வச்சுக்கலாம்."

"அப்ப ஊசி போட்டுக் கொல்ல வேணாம்?"

"வேணாம் மாமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தச் சுரப்பி மனுசனுக்கும் இருக்கா தாயி?"

"ஆம்பளைக எல்லாருக்கும் இருக்கு மாமா."

"எனக்கும் லோடு மாதிரித்தான் போகுது. பொங்கல்லருந்து."

பெற்ற மகனிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. மருமகளிடம் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து மதுரைக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் கால் நின்றுவிட்டது. "திரும்பிப் போயிருவோம் தாயி. இந்த வயசுல இதையெல்லாம் காட்டிக்கிட்டு..." என்றார். "லோடு ஊசிக்கு அசையாம நின்னுச்சு மாமா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் உள்ளே நடந்தார்.

புற்றுநோய்தான். ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை. இப்போது வந்தது நல்லதாயிற்று, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கதை வேறு என்றார் மருத்துவர். அறுவைச் சிகிச்சை முடிந்து மாமா ஊர் திரும்பியபோது லோடு தெருமுனைவரை ஓடிவந்து அவரைக் கூட்டிப்போனது. அடுத்த மழையையும் அது பார்த்தது. சினை ஆடுகள் குட்டி போடும்வரை ஆட்டுக்கிடையை விட்டு நகரவில்லை. ஒரு மதியம் உடைமர நிழலில் தூங்கியது, எழுந்திருக்கவில்லை. மாமா தானே குழி வெட்டினார். வலியில்லாமல் போனதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது.

என் ஆராய்ச்சியும் கரையேறியது. எந்த நாய் பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று எனக்குச் சொல்லாமலே அவற்றின் செல்கள் பூசிய கண்ணாடித் தகடுகளைக் கொடுத்தார்கள். நான் அளந்து பிரித்த தரமும் அந்த நாய்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அதை நான் அரங்கில் விளக்கி முடித்ததும், கருணைக்கொலை என்று சொன்ன அந்த மூத்தவரே முதலில் எழுந்து கைதட்டினார்.

ஆனாலும் எனக்குப் பெரிய வெற்றி கிடைத்தது போன மாதம், திருச்சுழி பஸ்ஸில். மாமாவும் நானும் போய்க்கொண்டிருந்தோம். முன்சீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் திரும்பி, "இவுகதான் உங்க மருமகளா?" என்று மாமாவிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"டீக்கடையில ஒரு ஆளை விடமாட்டாரும்மா உங்க மாமா. 'ஏலே, ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா? கூச்சப்படாமச் சொல்லு'ம்பாரு. அவரு தொல்லை தாங்காமத்தான் நானும் போய்ப் பாத்தேன். நல்லவேளை, ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிட்டாக."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் வெட்கத்தில் குனிந்துகொண்டேன். மாமா குனியவில்லை. பின்சீட்டில் சிரித்துக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பி, "ஏலே, உனக்கு எப்படிப் போகுது?" என்றார்.