அண்ணி ஓர் அஸ்தூரியன்

அண்ணி மறைந்த அன்று நீடாமங்கலம் கடைத்தெருவில் வைத்த கண்ணீர் அஞ்சலிப் பேனரில் ‘ஆஸ்திரியா நாட்டு மருமகள்’ என்று போட்டிருந்தார்கள். அன்போடு செய்தவர்களைக் குறை சொல்ல மனமில்லை. ஆனாலும் இந்த முதலாண்டு நினைவு மலரிலாவது சரியாக இருக்கட்டும் என்று அவருடைய நாத்தனாராகிய நான் எழுதுகிறேன். ஆஸ்திரியா எங்கேயோ இருக்கிறது. அண்ணி அஸ்தூரியன்.

ஸ்பெயினின் வடக்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள சீமை அஸ்தூரியாஸ். அங்கே மாடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணி. அந்தச் சீமை மக்களும் அஸ்தூரியன்தான், அவர்கள் பேச்சும் அஸ்தூரியன்தான். ஸ்பானிஷுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் தனி மொழி. “எங்க நாட்டுலயே பாதிப் பேரு அதை ஒரு மொழின்னு ஒத்துக்க மாட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும்.

கப்பலில் வேலை பார்த்த அண்ணன் அவரை மணந்து, ஓய்வுபெற்றதும் ஊருக்கு அழைத்து வந்தார். அண்ணனுக்கு அந்த மொழி அரைகுறையாகவாவது வரும். அவர் காலமான பிறகு அதைக் கேட்க வீட்டில் ஆளில்லை.

“உங்க ஊருக்கே போயிடுங்களேன் அண்ணி” என்றேன்.

“அங்க யாரு இருக்கா? அக்காவும் போயிட்டா. இங்க மாடாவது இருக்கு.”

தமிழ் நன்றாகவே பேசினார். நாங்களும் பாசமாகத்தான் இருந்தோம். அப்படியும் அவர் தனியாகத்தான் இருந்தார். நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

சாயங்காலம் கொல்லையில் நின்று “பென், பென்” என்று மாட்டை அழைப்பார். பிள்ளையில்லாதவர், மாட்டைப் ‘பெண்’ என்று கூப்பிடுகிறார் என்று தெருவே உருகியது. நானும்தான். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“பொண்ணு இல்லம்மா. பென்னுன்னா எங்க பேச்சுல ‘வா’ன்னு அர்த்தம். அதுல கூப்பிட்டா வர்றதுக்கு இது ஒண்ணுதானே இருக்கு” என்றார்.

தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த பங்காளிகளுக்கும், பேனர் வைத்த தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாடு இப்போது என்னிடம் இருக்கிறது. “வா” என்றால் அசையாது. “பென்” என்றால் வருகிறது. வந்து, எனக்குப் பின்னால் பார்க்கிறது.

அஸ்தூரியனில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். நீங்கள் இருந்தபோது உங்களிடம் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை.

பென், அண்ணி.