நடுங்கியது என் கால் இல்லை

போன வருடம் சித்திரை மாதம், விருத்தாசலத்தில் நடந்தது இது. அங்கே ஒரு செராமிக் பட்டறையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். ஃபியூஸ் கட்டைகளையும் பீங்கான் பொம்மைகளையும் வைக்கோல் வைத்து அடுக்கி, வெளியூர்க் கடைகளில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் இந்த வேலைக்கு வந்த பெண் நான் ஒருத்திதான். அதனால் வண்டியில் எது கெட்டாலும் முதல் சந்தேகம் என் மேல்தான் விழும்.

அந்த மாதம் பிரேக் பெடல் படுத்த ஆரம்பித்தது. வேப்பூர் ரோட்டில் லோடோடு வேகமாகப் போகும்போது மிதித்தால், பெடல் என் பாதத்தைத் தட்டித் தட்டி மேலே தள்ளும். ஸ்டியரிங்கும் சேர்ந்து உதறும். ஒரு தடவை முன்னால் போன பஸ் சட்டென்று நின்றுவிட்டது. அதன் மேல் மோதாமல் நின்றதே பெரிய விஷயம். பின்னால் ஒரு பெட்டிப் பொம்மை நொறுங்கிப்போனது.

முதலாளியிடம் சொன்னேன். மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் காலி வண்டியைக் கடைத்தெரு வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, "ஒண்ணும் தெரியலைங்க, நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"வண்டி நல்லாருக்குது. ஒன் காலுதான் நடுங்குது. பயந்துகிட்டு எதுக்கும்மா இந்த வேல? திங்கக்கெழமையிலேர்ந்து வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார் முதலாளி, பட்டறைப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அழுகையும் வந்தது. அதை மட்டும் அவருக்குக் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"போட்டுக்குங்க மொதலாளி. அதுக்கு முன்னாடி லோடு ஏத்தி நீங்களே ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. அது வரைக்கும் சாவிய வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வீம்பில்தான் அவர் ஏறினார். பக்கத்தில் நான், ஓரத்தில் மெக்கானிக். வேப்பூர் ரோட்டில் வண்டி வாகனம் இல்லாத இடமாகப் பார்த்து, "இப்ப மிதிங்க" என்றேன். மிதித்தார். "அய்யய்யோ!" என்று அவர் அலறியபோது முழங்கால் குதித்துக்கொண்டிருந்தது.

"இப்ப யாரு காலு மொதலாளி நடுங்குது?" கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியை மறுபடியும் அதே வேகத்தில் ஓட்டச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வைத்தார். அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். உதறல் இல்லை. அப்படியென்றால் கோளாறு முன்பக்கம். பட்டறைக்குத் திரும்பி முன்சக்கரத்தைக் கழற்றினார். ஸ்குரூ டிரைவர் முனையை பிரேக் டிஸ்க் என்ற இரும்புத் தட்டுக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு டிஸ்க்கைச் சுற்றினார். ஓரிடத்தில் முனை உரசியது, இன்னோரிடத்தில் விலகியது. டிஸ்க் கோணிப்போயிருந்தது.

"பீங்கான் ஒடையக் கூடாதுன்னு நீங்க நெடுக மெதுவா மிதிச்சிக்கிட்டே வருவீங்க, டிஸ்க்கு கொதிச்சிடும். அது தப்பில்ல. ஆனா அந்தச் சூட்டோட தண்ணி பட்டா கோணிக்கும். வண்டி வந்ததும் கழுவறது யாருங்க?"

வெள்ளைக் களிமண் தூள் காய்ந்தால் பிடித்துக்கொள்ளும் என்று, வண்டி உள்ளே நுழைந்த உடனே ஹோஸைப் பிடித்துச் சக்கரத்துக்குத் தண்ணீர் அடிப்பவர் முதலாளிதான். வேறு யாரையும் நம்பி விடமாட்டார். பட்டறைப் பெண்களில் ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

டிஸ்க்கை மாற்றினார்கள். திங்கட்கிழமை வேறு ஆள் வரவில்லை, நான்தான் ஓட்டினேன். "இனிமே கொஞ்ச நேரம் கழிச்சிக் கழுவலாம்" என்றார் முதலாளி, தானே கண்டுபிடித்த மாதிரி. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் பாதத்துக்குத் தெரிந்ததை நம்புவதற்கு அவருடைய பாதம் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம். அது இருக்கும் வரைக்கும் என்னை அந்த சீட்டிலிருந்து யாராலும் இறக்க முடியாது.