மருந்து அறையின் சாவி

நாயை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டுத்தான் வேல்சாமி கடப்பாரையை எடுத்தான். அதைக் கண்ணால் பார்த்த அவன் பெண்டாட்டி வெங்கடேஸ்வரி, மாட்டுக் கொட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு மாரீஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அவிய கண்ணே சரியில்ல. கடப்பாரையத் தூக்கிக்கிட்டு அங்கதான் வாராக. மருந்த மட்டும் குடுத்துராதீங்க அக்கா."

மாரீஸ்வரி அப்போது மருந்து அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள். ஓடியிருக்கலாம். டீக்கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவள் ஓடவில்லை. பூட்டின கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். காலை பதினொரு மணி வெயில் நேராக முகத்தில் அடித்தது.

வன்னியம்பட்டிக்கு மேற்கே, மலையைப் பார்த்துக் கிடக்கிற சின்ன ஊர் அது. பருத்தியும் மக்காச்சோளமும்தான் வெள்ளாமை. ஒரு காலத்தில் பால் சொசைட்டியாக இருந்த ஒற்றை அறையில் இப்போது வரிசையாக இரும்புப் பெட்டிகள் இருந்தன. ஊரில் யாரும் பூச்சிமருந்தை வீட்டில் வைப்பதில்லை. அவரவர் பெட்டி, அவரவர் பூட்டு. வெளிக்கதவின் சாவி மட்டும் மாரீஸ்வரியிடம். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பாள். வருகிறவன் முகத்தைப் பார்ப்பாள். எந்தக் காட்டு வெள்ளாமைக்கு, எம்புட்டு என்று கேட்பாள். குடித்துவிட்டு வந்தவனுக்கும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனுக்கும் அன்றைக்குக் கதவு திறக்காது.

மூன்று வருஷத்தில் ஊரில் நாலு பேர் மருந்தைக் குடித்துப் போய்ச் சேர்ந்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலம் பார்க்கிற டாக்டர் சத்யப்பிரியா வந்து கூட்டம் போட்டுப் பேசி உண்டாக்கிய ஏற்பாடு இது. சாவியை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டபோது ஆம்பிளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரீஸ்வரி எழுந்து, "நான் வச்சுக்கிடுதேன்" என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாலு பேருக்கும் முன்னால், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, அவள் புருஷன் இருளப்பசாமி அப்படித்தான் செத்திருந்தான்.

இருளப்பசாமி பாடுபடுவதற்குச் சளைக்காதவன். அடிப்பதற்கும் சளைக்காதவன். மழை பொய்த்தால் அடிப்பான். பஞ்சு விலை இறங்கினால் அடிப்பான். கிணற்று மோட்டார் கருகினால், ஏன் கருகியது என்று அவளை அடிப்பான். கையில் எது கிடைத்தாலும் அதுதான். ஒருதரம் சொட்டுநீர்க் குழாயை மடித்து அடித்ததில் முதுகு பூராவும் வரிவரியாகக் கன்றிப்போனது. முன்பல் இரண்டு அவன் கையால் போனவை. அடித்து முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டு அவனே அழுவான். "எனக்கு என்னமோ ஆகுதுட்டி" என்பான். என்ன ஆகிறது என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கோவிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டாள். கையில் கயிறு கட்டினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய சீக்கு அது என்று அன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் சோற்றுச் சட்டியை எத்திவிட்டு, அவளைச் சுவரோடு சேர்த்து மோதிவிட்டு, அதே வேகத்தில் மருந்து டப்பாவை எடுத்துக் குடித்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு கிடந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக் காப்பாத்திருட்டி. புத்தி கெட்டுப் போச்சு. நான் சாகக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மூன்றாம் நாள் விடியலில் உயிர் போனது.

சாவி தரச் சொல்லிச் சண்டைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாரீஸ்வரி இதைத்தான் சொல்வாள். "அவிய சாகணும்னு நெனச்சது பத்து நிமிசம். பொழைக்கணும்னு நெனச்சது ரெண்டு நாளு. அந்தப் பத்து நிமிசத்துக்குத்தான்யா இந்தப் பூட்டு."

வேல்சாமி இருளப்பசாமியின் சித்தப்பா மகன். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டவன். மலையடிவாரத்திலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி, பால் பிடிக்கிற பருவத்தில் இருந்த சோளத்தைப் பாய் விரித்தது மாதிரி சாய்த்துவிட்டுப் போயிருந்தன. அதற்கு முன்பே இரண்டு மாதமாக அவன் சரியில்லை. சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. கேட்டால் எரிந்து விழுந்தான். அன்று காலை அழிந்த காட்டைப் பார்த்துவிட்டு வந்தவன், பன்றி வந்ததற்குக் குரைக்கவில்லை என்றுதான் நாயை அடித்தான்.

அவன் வேட்டியெல்லாம் நாயின் ரத்தம். மாரீஸ்வரிக்கு முன்னால் வந்து நின்றான்.

"மதினி, தொறங்க."

"என்னத்துக்குப்பா?"

"படைப்புழுவுக்கு அடிக்கணும்."

"சோளமே இல்லாத காட்டுல புழு எங்கருந்து வரும் வேலு?"

அந்தக் கேள்வியில் அவன் முகம் கோணிக்கொண்டு போனது. "கதவத் தொறட்டி!" என்று கத்தினான். மதினி என்று மரியாதையாகத் தவிர அதுவரை அவன் அவளை அழைத்ததில்லை. கடப்பாரையை ஓங்கினான். பக்கத்தில் பாழுங்கிணறு ஒன்று இருந்தது. மாரீஸ்வரி இடுப்பில் இருந்த சாவியை எடுத்து அதற்குள் வீசினாள்.

"சாவி போச்சுப்பா. வீட்டுக்குப் போ."

கடப்பாரை அவள் வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கீழே விழுந்தவளைத் தாண்டி அவன் கதவை இடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு இடிக்கும் சுவரிலிருந்து காரை உதிர்ந்து அவள் முகத்தில் விழுந்தது. அவள் இடது கையால் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் உதறினான், விடவில்லை. முகத்தில் மிதித்தான், மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம், விடவில்லை. அவன் கெண்டைக்காலைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். பூட்டு ஒரு பக்கம் தெறித்து, கதவு பாதி பெயர்ந்த நேரத்தில் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

ஆறு பேர் சேர்ந்துதான் அவனை அமுக்க முடிந்தது. அமுக்கியதும் அடிக்கத் தொடங்கினார்கள். ஆளாளுக்கு மிதித்தார்கள். ஒருத்தன் செங்கல்லை எடுத்தான். மாரீஸ்வரி தரையில் கிடந்தபடியே கத்தினாள்.

"ஏலே, அடிக்காதீகலே! அவன் சீக்காளி! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கலே!"

அவனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அவளை ராஜபாளையத்துக்கும் கொண்டுபோனார்கள். ராஜபாளையத்தில் எலும்பு டாக்டர் தோளில் பிளேட் வைத்துத் தைத்தார்.

அவள் மகன் சூர்யபிரகாஷுக்கு இருபத்து நாலு வயது. கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறான். ஆஸ்பத்திரியில் அம்மாவின் வீங்கிய முகத்தைப் பார்த்தவன் அங்கே நிற்கவில்லை. நேராக ஊருக்குப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வேல்சாமி வீட்டு வாசலில் நின்றான். வேல்சாமி இல்லாத வீட்டை வெட்டினான். கதவை வெட்டினான், பைக் சீட்டைக் கிழித்தான், தண்ணீர்த் தொட்டியைக் கொத்தினான். தடுக்கக் கையை நீட்டிய வெங்கடேஸ்வரியின் முன்கையில் அரிவாள் பட்டுச் சதை பிளந்தது. ரத்தம் பீறிட்டதைப் பார்த்த பிறகுதான் அவன் நின்றான். தானும் அந்த அரிவாளும் எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்று தெரியாதவன் போல முழித்தான். வெங்கடேஸ்வரி முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டே, "போதுமாய்யா? இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

மறுநாள் இரண்டு வீட்டுச் சொந்தங்களும் போலீசுக்குப் போகத் தயாரானார்கள். மாரீஸ்வரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே எல்லாரையும் வரச் சொன்னாள். வெங்கடேஸ்வரியும் தையல் போட்ட கையோடு வந்தாள்.

"நான் கேசு குடுக்கல. வெங்கடேசு, நீ குடுக்கணும்னா குடு. அது உன் பாடு. ஆனா வேலுவ டாக்டரம்மா போதும்னு சொல்லுத வரைக்கும் வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். நான் கூடப் போவேன். சூர்யா, நீயும் வரணும்."

"நான் என்ன பைத்தியமா?" என்றான் சூர்யபிரகாஷ்.

"அந்தப் பிள்ள கையப் பாத்துட்டுச் சொல்லு."

வெங்கடேஸ்வரி தன் கைத் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் கேசு வேண்டாம்" என்றாள். சூர்யபிரகாஷ் அவளைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

ஊரில் மாரீஸ்வரிக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. வெட்டும் குத்துமாக இரண்டு குடும்பம் நாசமாகப் போனது அவள் பிடிவாதத்தால்தான் என்றார்கள். உடைந்த கதவு வழியாகச் சிலர் உள்ளே புகுந்து, தங்கள் மருந்தையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். தோளில் கட்டோடு திரும்பி வந்த மாரீஸ்வரி ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைச் சரிசெய்து புதுப் பூட்டுப் போட்டாள். பிறகு வீடு வீடாகப் போய் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மருந்தைத் திருப்பித் தராமல் இருக்கப் பலருக்கு முடியவில்லை. தராதவர்களும் உண்டு. அந்த வீடுகளுக்கு அவள் தினமும் போனாள்.

ஒரு மாதம் கழித்து வேல்சாமியை மறு பரிசோதனைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் முன் சீட்டில் வெங்கடேஸ்வரி, பின்னால் இவர்கள் இரண்டு பேரும். வேல்சாமி மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்திருந்தான். ஊர் எல்லை தாண்டும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"கை எப்பிடி இருக்கு மதினி?"

"மேல தூக்க முடியல."

"நான்தான் அடிச்சேன்னு சொல்லுதாக. எனக்கு நாயி மட்டுந்தான் நெனவு இருக்கு. அது வாலாட்டிக்கிட்டே வந்துச்சு மதினி." சொல்லிவிட்டு, அத்தனை பேர் இருக்கிற பஸ்ஸில், பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்த மனிதன் வாய்விட்டு அழுதான். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் தள்ளிப்போய் நின்றார்.

டாக்டர் சத்யப்பிரியா அவனிடம் பேசி முடித்து மாத்திரை எழுதிவிட்டு, மாரீஸ்வரியை மட்டும் உட்காரச் சொன்னார்.

"உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"ஒரு மனுஷன் கடப்பாரையோட வர்றான். நீங்க ஓடல. ஏம்மா ஓடல?"

மாரீஸ்வரிக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. மேஜையில் இருந்த காகிதங்களையெல்லாம் இடது கையால் வாரி அடித்தாள். தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. வெளியே இருந்த நர்ஸ் ஓடிவந்தாள். டாக்டர் நர்ஸைப் போகச் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஓடலதான்!" என்று கத்தினாள் மாரீஸ்வரி. "அன்னைக்கு அவிய டப்பாவைத் தொறந்தத நான் பாத்தேன். தட்டிவிட்டிருக்கலாம். கையெட்டுற தூரந்தான். தட்டல. வாயில ரத்தம் ஒழுக நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். குடிச்சுத் தொலையட்டும்னு இருந்துச்சு. குடிச்ச பொறவுதான் கத்துனேன். பன்னெண்டு வருசமா யாருகிட்டயும் சொல்லல."

அவள் செய்தது சரி என்றும் டாக்டர் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "அவ்வளவு அடி வாங்கி நின்ன ஆளுக்குக் கை எழும்பாதும்மா. அடுத்த வாரம் உங்களுக்குன்னு வாங்க. வேல்சாமிக்காக இல்ல" என்றார். அவளே குனிந்து காகிதங்களைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

சூர்யபிரகாஷிடம் இதைச் சொல்ல அவளுக்கு மேலும் மூன்று வாரம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அவன் கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தான்.

"தெரியும்மா" என்றான். "நான் ஸ்கூல்ல இருந்து வந்து வாசல்லதான் நின்னேன். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு."

அவள் எழுந்து போய் அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவன் எச்சில் கையோடு தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அடுத்த புதன்கிழமை சொல்லாமலே தானாக ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வேல்சாமி தை மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு வெங்கடேஸ்வரியை அறைந்தான். அவள் அன்றே அவன் சட்டைக் காலரைப் பிடித்து பஸ் ஏற்றினாள். சூர்யபிரகாஷ் நாலு தரம் போய்விட்டு நின்றுவிட்டான். கோபம் வந்தால் மட்டும் டாக்டருக்குப் போன் செய்கிறான். வெங்கடேஸ்வரி வீட்டுக்குப் புதுக் கதவு அவன்தான் போட்டுக் கொடுத்தான். மாரீஸ்வரி மாதம் ஒருதரம் தனக்காகப் போய் வருகிறாள். வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை.

போன மாதம் சுடலையம்மாள் வந்தாள். ஐந்து ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்க்கிற கைம்பெண். தலை அவிழ்ந்து, ரவிக்கையை உள்வெளி மாற்றிப் போட்டுக்கொண்டு, அடைத்திருக்கிற நேரத்தில் வந்து கதவைத் திறக்கச் சொன்னாள். மாரீஸ்வரி முடியாது என்றதும் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். இரண்டாவது அறையும் விழுந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது மாரீஸ்வரி அதை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்கணும்னா அடி. பொறவு ரெண்டு பேரும் மூணு மணி பஸ்ஸுல டாக்டரம்மாகிட்டப் போவோம்" என்றாள்.

சுடலையம்மாள் முதலில் கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். மாரீஸ்வரியும் பக்கத்தில் உட்கார்ந்து, கலைந்து கிடந்த அவள் தலையை ஒற்றைக் கையால் அள்ளி முடிய ஆரம்பித்தாள்.