காப்புக் கட்டாத கை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத, என்னைவிட நல்ல தமிழ் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. "நீயே எழுதும்மா. மத்தவங்க எழுதுனா பூசி மெழுகிடுவாங்க" என்றார். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் என்னிடம் வாருங்கள். அண்ணியிடம் போகாதீர்கள்.

அண்ணன் பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். அவருக்கும் எனக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகள் தக்கவில்லை. அப்பா வேலைக்காட்டில் விழுந்து எழுந்திருக்காமல் போனபோது அண்ணன் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். மறுவாரமே அப்பாவின் உளியை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போனார். பள்ளிச் சட்டையோடுதான் போனார்; வேறு சட்டை இல்லை. பிறகு தோட்டம் கைமாறியது. எங்களைக் கிளப்பியதோடு எங்கள் மாரியம்மனையும் சேர்த்துக் கிளப்பினார்கள். புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்புக்கு ஓரமாக அம்மனுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதற்கு அருகிலேயே அண்ணன் மலிவு வீடு ஒன்று வாங்கினார். சுங்கைப் பட்டாணியில் ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்கு லோரி ஓட்டி, என்னைக் கட்டிக்கொடுத்து, அம்மாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார்.

கூட்டம் கூடும் இடம் எதுவானாலும் அண்ணன் அங்கே இருப்பார். சுங்கைப் பட்டாணித் தைப்பூசமா, சிடாம் கிரியில் தீமிதியா, தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டியா, ஜித்ராவில் யாரோ தூரத்துச் சொந்தம் நடத்தும் பொங்கல் விழாவா, லோரிச் சாவியை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். கூடாரம் அடிப்பார். பனிக்கட்டி உடைப்பார். குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு முச்சந்தியில் நின்று காரை நிறுத்துவார். காணாமல் போன பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தாயைத் தேடுவார். எல்லாரும் சாமி கும்பிட்டுச் சாப்பிட்டுப் போன பிறகு, மிதிபட்டுக் கிடக்கும் பிளாஸ்டிக் குவளைகளைப் பொறுக்குவார். மேடைக்கு வாருங்கள், பொன்னாடை போர்த்துகிறோம் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் ஆள் கழிவறைப் பக்கம் ஒளிந்துகொள்வார்.

நானும் அண்ணியும் தண்ணீர்ப் பந்தலில் சிவப்புச் சிராப் சர்பத் கலக்குவோம். கை முழுக்கச் சிவந்து, சேலையெல்லாம் பிசுபிசுத்துப் போகும். வெயிலில் வெறுங்காலோடு பால்குடம் தூக்கி வருகிற ஒரு பெண், நாம் நீட்டும் குவளையை வாங்கிக் குடித்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், அதற்காகவே அடுத்த ஆண்டும் போகலாம். என் வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்பில் பாதி அந்தப் பந்தலில்தான் சிரித்திருக்கிறேன்.

இனி, உங்களில் பலர் என்னிடமே கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "இவ்வளவு செய்யுற மனுஷன் ஏன் காப்புக் கட்டுறதில்ல?"

நம் கோயிலில் கொடியேறியதும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டவர், அதை அவிழ்க்கும்வரை சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. செத்தது யாராக இருந்தாலும் சரி. பெரியவர்களுக்கு இது தெரியும், இளையவர்களுக்காக எழுதுகிறேன். அண்ணனும் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் காப்புக் கட்டி, விரதமிருந்து, பால்காவடி எடுத்தவர்தான். திடீரென்று நிறுத்திவிட்டார். அதற்கு என்னென்னவோ பேசினீர்கள். கோழிக்கறியை விட முடியவில்லை என்றார் ஒருவர். நிர்வாகத்தோடு சண்டை என்றார் இன்னொருவர். வேறு மதத்துக்குப் போய்விட்டார் என்றுகூட ஒரு புண்ணியவதி சொன்னார். அண்ணன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

பல ஆண்டுகளுக்கு முன், ரதம் புறப்படும் நாள் காலையில், முன் ரோட்டில் இருக்கும் பாக்கியம் அக்காவின் கணவர் நெஞ்சு வலித்து இறந்துபோனார். ரதம் அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பிணம் கிடக்கும் தெருவில் சாமி வராது. நிர்வாகத்தினர் கூடிப் பேசினார்கள். போய்ச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. "நீ போய்ப் பேசுப்பா. நீ சொன்னா அந்தம்மா கேக்கும்" என்று அண்ணனைத் தள்ளிவிட்டார்கள்.

அண்ணன் கையில் காப்பு. வீட்டுக்குள் போக முடியாது. வாசலில் ஓடும் சாக்கடைக் கால்வாய்க்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. சாமி வர்றதுக்குள்ள எடுத்துட்டா நல்லாருக்கும்னு சொல்றாங்க. முன் ரோட்டுல பந்தல் போட்டாச்சு. பின்னால செம்மண் பாதை இருக்குலா, அப்படியே…"

"மவன் சிங்கப்பூர்லேருந்து வந்துக்கிட்டிருக்கான் தம்பி. பஸ்ஸுல இருக்கான்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பாக்கியம் அக்காவே பேசினாராம்.

"சரி. உள்ள வந்து அவரு மொகத்த ஒருவாட்டி பாரு. பாத்துட்டு இதயே சொல்லு. நீ சொல்றபடியே எடுத்துர்றேன்."

அண்ணன் மஞ்சள் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார்.

மகன் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ரதம் வந்துகொண்டிருந்தபோது, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக நடந்து வந்தான் அந்தப் பிள்ளை. விசில் ஊதி அவனுக்கு வழிவிடச் சொன்னவரும் அண்ணன்தான்.

"அந்தம்மா திட்டியிருந்தாக்கூடப் பரவால்லலா பாப்பா. உள்ள வான்னுதான் கூப்புட்டாங்க" என்றார் அண்ணன்.

"கோயில் வழக்கம்தானே அண்ணே. நீங்க என்னா பண்ணுவீங்க?"

"வழக்கந்தான். ஆனா கயித்தக் கட்டிக்கிட்டது நாந்தானே."

அடுத்த ஆண்டிலிருந்து அவர் காப்புக் கட்டவில்லை. காவடியையும் இறக்கி வைத்துவிட்டார். ஆனால் பந்தல் வேலையை விடவில்லை. திருவிழாக் காலத்தில் எங்காவது சாவு என்று கேள்விப்பட்டால், கூடாரம் அடிக்கிற சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அங்கே ஓடுவார். பாடை கட்டுவார், தோள் கொடுப்பார். சாவு வீட்டுக்குப் போய் வந்த ஆண்டுகளில் கோயில் எல்லைக்குள் கால் வைக்கமாட்டார். ரோட்டுக் கடைசி முச்சந்தியில் சிவப்புத் துணியோடு நின்றுவிடுவார். அங்கிருந்து பார்த்தால் ரதத்தின் விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் அம்மனுக்கு என்னா கலர் பொடவ பாப்பா?" என்று என்னிடம் கேட்பார். பச்சை என்பேன், அரக்கு என்பேன். அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. இந்த மனுஷனுக்கு என்ன கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

சர்க்கரை நோய் முதலில் கால் விரலை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. அப்போதும் பந்தலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஐஸ் பத்தல, ஐஸ் பத்தல" என்று எல்லாரையும் விரட்டுவார். போன ஆண்டு கொடியேறிய அன்று அவர் மருத்துவமனையில் இருந்தார். ரதம் புறப்பட வேண்டிய நாள் காலையில் உயிர் பிரிந்தது.

சடலத்தை வாங்குவதற்குள்ளேயே தொலைபேசி வந்துவிட்டது. இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், பிணவறையிலேயே இருக்கட்டும், ரதம் திரும்பியதும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார். "சாவுன்னா வீடு வீடாப் போனவரு. அவரு வீட்டுக்கு அவரு வரக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். கொஞ்ச நேரத்தில் நிர்வாகச் செயலாளர் வந்தார். அண்ணனோடு பல ஆண்டுகள் பந்தல் போட்டவர். எங்கள் வாசல் கால்வாய்க்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, ரதம் வருவதற்குள் எடுத்துவிடச் சொன்னார். கையில் மஞ்சள் கயிறு. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"உள்ள வந்து அண்ணன் மொகத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"என்னால முடியாதுக்கா" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். அழட்டும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அண்ணிதான் எழுந்து வந்தார். "பின்பாதையாவே போறோம். இவரு அன்னைக்கு அந்தம்மாவுக்குக் காட்டுன வழிதானே. அதுலயே இவரும் போவட்டும்." எனக்கு அண்ணி மீதும் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தோம்.

மேளம் கிடையாது. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஆண்டுக்கணக்கில் அண்ணனோடு ஓடியாடியவர்கள் எதிர்ச் சாரியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே வந்தால் பால்குடம் எடுக்க முடியாது, தீ மிதிக்க முடியாது. அவர்கள் நேர்த்திக்கடன் அவர்களுக்கு. நாங்கள் அண்ணனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி அலறியது: "தண்ணீர்ப் பந்தலில் ஆள் பற்றவில்லை. தொண்டூழியர்கள் உடனே வரவும்." அந்த ஒலிபெருக்கியை அந்தக் கம்பத்தில் முதன்முதலில் ஏணி வைத்துக் கட்டியவர் அண்ணன். அண்ணி செம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான்தான் மீதித் தண்ணீரை ஊற்றினேன்.

அப்போதுதான் பாக்கியம் அக்கா வந்தார். கணவர் போனதிலிருந்து அவர் அந்தக் கோயிலுக்குப் போவதில்லை, காப்பும் கட்டுவதில்லை. முட்டி வலியோடு, திருவிழாக் கூட்டத்துக்கு ஊடாகத் தனியாக நடந்து வந்திருக்கிறார். கால்வாய் மேல் போட்ட பலகையில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"நான் உள்ள வந்துட்டேன் தம்பி" என்றார். "மொகத்த நல்லாப் பாத்துட்டேன்."

மன்னித்துச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முந்தானையால் அண்ணனின் நெற்றியில் இருந்த ஈரத்தைத் துடைத்தார். எடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. செம்மண் பாதை திரும்பும் இடம்வரை, பெண்கள் போகக்கூடிய எல்லைவரை, சவ வண்டிக்குப் பின்னால் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முன் ரோட்டில் நாதசுரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். யாரும் கேட்காமலே வந்து கூடாரம் அடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் மானுக்கும் அவர் மகன்களுக்கும்; கடையை மூடிவிட்டுக் காப்பியும் ரொட்டியும் கொண்டுவந்து, கடைசிவரை உடனிருந்த காசிம் பாய்க்கும்; அண்ணனுக்குத் தோள் கொடுத்த லோரித் தோழர்களுக்கும்; தங்கள் முறைக்கு ஊசி குத்திக்கொள்ளப் போகும் வழியில், நிற்கவே தெம்பில்லாமல் வந்து நின்ற இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திர அறை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாக்கியம் அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் அது போதாது. அதனால் எழுதவில்லை. இம்மலரின் முதல் பிரதியை அண்ணி அவர் கையில் கொடுப்பார்.

இவ்வாண்டும் கொடியேறிவிட்டது. காப்புக் கட்டியவர்கள் நினைவு நாளுக்கு வரத் தயங்குவார்கள் என்று தெரியும். ஆகவே இம்மலரை வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்புகிறோம். யார் மேலும் வருத்தமில்லை என்று எழுதச் சொன்னார் அண்ணி. அவர் சொன்னார், எழுதிவிட்டேன்.

எங்களுக்குத் துக்கம் கழிந்துவிட்டதால் காப்புக் கட்டும் நாளன்று என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். பூசாரி தட்டோடு என் முன்னால் வந்து, "கைய நீட்டுங்கம்மா" என்றார். "எனக்கு வேணாம் சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, அண்ணனின் சிவப்புத் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன்.

இதைப் படித்துவிட்டு, நல்ல நாளும் அதுவுமாக இவளுக்கு வாயைக் கழுவினால் தேவலை என்பீர்கள். பரவாயில்லை. அம்மன் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் நேர வேண்டாம். நேர்ந்தால், திருவிழா ஆயிற்றே, யார் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எனக்குச் சொல்லியனுப்புங்கள். நான் உள்ளே வருவேன். என் கையில் காப்பு இல்லை.